மெஸ் டின்னருக்கு அழைப்பு: வேட்டியா, கோட்டா? தாத்தாவின் பதக்கத்தை என்ன செய்வது?

கென்ட்_மதுரைக்காரன்:

ஓர் அவசர உதவி. என்னோடு படித்தவன் ஒருவன் பிரிட்டிஷ் ராணுவத்தில் ராயல் என்ஜினீயர்ஸ் பிரிவில் கேப்டன். அடுத்த மாதம் அவர்கள் மெஸ்ஸில், அதாவது அதிகாரிகளின் விருந்து மாளிகையில், நடக்கும் டின்னருக்கு என்னை விருந்தாளியாக அழைத்திருக்கிறான். அழைப்பு அட்டையில் 7.30க்கு வரவேண்டும், 8 மணிக்குப் பந்தி என்று இருக்கிறது. கீழே 'மெஸ் டிரஸ் / பிளாக் டை' என்று ஒரு வரி. என்னிடம் இருப்பது கல்யாணத்துக்குத் தைத்த கருநீல சூட் ஒன்றுதான். அது போதுமா? பட்டு வேட்டி கட்டிப் போனால் தப்பா?

இன்னொன்று. என் தாத்தா இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், பர்மாவில் சண்டை போட்டவர். அவருடைய பர்மா ஸ்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைக் குத்திக்கொண்டு போகலாமா? அவர்களும் சாப்பர்கள்தானே என்று ஓர் ஆசை.

ஊசிநூல்:

தம்பி, நான் யாழ்ப்பாணம். ஆல்டர்ஷாட்டில் ஒரு தையல் கடையில் இருபது வருடமாக இந்த ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைப்பதுதான் என் வேலை.

மெஸ் டிரஸ் என்பது ராணுவத்தாரின் விருந்துச் சீருடை, அது அவர்களுக்கு. உங்களுக்குப் பிளாக் டை. கருநீல சூட்டை மறந்துவிடுங்கோ. கறுப்பு டை கட்டிய சூட் எல்லாம் பிளாக் டை ஆகாது. டின்னர் ஜாக்கெட் வேணும். அதன் காலர் மடிப்பில் பட்டுத் துணி ஓடும், கால்சட்டையின் வெளிப்பக்கம் நெடுக ஒரு பட்டி இறங்கும். வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. வாடகைக்கு எடுங்கோ, குற்றமில்லை. ஆனால் போ டையைக் கையால் கட்டுங்கோ. கொக்கி மாட்டியது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். பெல்ட் வேண்டாம். கமர்பண்ட் கட்டினால் மடிப்புகளின் வாய் மேல்பக்கம் பார்க்க வேணும். அந்தச் சொல்லே பாரசீகம்: கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலில் வெஸ்ட்கோட் தாங்காமல் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நம்ம பக்கத்துச் சாமானை இப்போது நமக்கே வாடகைக்குத் தருகிறார்கள்!

அவர்கள் போடுகிற மெஸ் ஜாக்கெட் இடுப்போடு நின்றுவிடும். தொப்பையை மறைக்க ஓர் அங்குலத் துணி கிடையாது. கையைத் தூக்கினால் வெஸ்ட்கோட்டுக்கும் கால்சட்டைக்கும் நடுவில் சட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால், கால்சட்டையை நன்றாக உயர்த்தித் தைத்து, தோளில் பிரேசஸ் போட்டு இழுத்து நிறுத்துவோம். டிசம்பர் வந்தால் என் மேசையில் வெஸ்ட்கோட் குவியும். எல்லாமே தளர்த்தச் சொல்லித்தான். அதிகாரிகள் இதைச் சொந்தக் காசில் வாங்க வேணும். புதிதாகத் தைத்தால் ஆயிரம் பவுனைத் தாண்டும். அதனால் இளம் பெடியள் பழசு தேடுவார்கள். போன கிழமை வந்த சிவப்பு ஜாக்கெட் ஒன்றில், உள்பைச் சீட்டில் மூன்று பெயர்கள், முதல் இரண்டும் மையால் அடிக்கப்பட்டிருந்தன. புறணியைப் பிரித்தேன். மூன்று உடம்புக்கும் பிரித்துத் தைத்த ஊசித்துளைகள் மூன்று வரிசையாக இருந்தன. நாலாவது வரிசையை நான் போட்டேன்.

இனித்தான் முக்கியமான விஷயம். பந்தியில் உட்காரமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாங்கோ. ராஜாவுக்கான டோஸ்ட், அதாவது அவர் பெயரைச் சொல்லி எல்லாரும் குடிப்பது, முடியும்வரை மேசையை விட்டு எழும்பக் கூடாது என்பது வழக்கம், அதுவோ சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் வரும். அதற்குமுன் போர்ட் வைன் குடுவை இடப்பக்கமாகச் சுற்றி வரும். ஊற்றிவிட்டு இடப்பக்கத்தாரிடம் தள்ளுங்கோ, வாயில் மட்டும் வைக்காதேங்கோ. தலைமை இடத்தில் இருப்பவர் சுத்தியலால் தட்டி 'மிஸ்டர் வைஸ், தி கிங்' என்பார். மறுகோடியில் இருக்கிற இளையவர் எழும்பி எல்லாரையும் அழைப்பார். அப்போதுதான் குடிப்பது.

பதக்கம் மட்டும் வேண்டாம் தம்பி. ராத்திரி உடுப்பில் குத்துவது பாதி அளவிலான சின்னப் பதக்கங்கள். அதுவும் தாங்களே பெற்றவர்களுக்குத்தான். சிவில் ஆட்கள் என்றால், பதக்கம் குத்தலாம் என்று அழைப்பிலும் போட்டிருக்க வேணும். தாத்தாவுடையதை நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளுக்கு வலது மார்பில் குத்துங்கோ, இங்கே பேரப்பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனால் யார் கேட்கப் போகிறார்கள்?

கடல்காக்கை:

ஊசிநூல் ஐயா சொன்னது தரைப்படைக் கதை. நான் இந்தியக் கடற்படையில் ஓய்வு பெற்றவன், இப்போது தூத்துக்குடி. பிரிட்டிஷ் கடற்படையில் ராஜாவுக்கான டோஸ்ட்டை உட்கார்ந்தபடியே குடிப்பார்கள். பழைய மரக்கப்பலில் எழுந்தால் தலை உத்தரத்தில் இடிக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வதுண்டு. சூடு தாங்காத கடல்களுக்கு அவர்கள் கண்டுபிடித்ததுதான் 'ரெட் சீ ரிக்'. ஜாக்கெட்டும் இல்லை, டையும் இல்லை. அரைக்கை வெள்ளைச் சட்டை, கமர்பண்ட், கறுப்பு பேன்ட், முடிந்தது. எங்கள் ஊர் மே மாதத்துக்கு அதுவே அதிகம்.

வேட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 பிப்ரவரியில்தான் நம் கடற்படை மெஸ்களில் குர்தா பைஜாமாவுக்கே அனுமதி வந்தது, அதுவும் மேலே கையில்லாத ஜாக்கெட் போட்டால். வேட்டிக்கு அந்த உத்தரவில் இடமில்லை. வெள்ளைக்காரன் மெஸ்ஸில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மலர்விழி_சாலிஸ்பரி:

கிடைக்கும். விருந்தாளிகள் தங்கள் நாட்டு உடையில் வருவதைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நண்பரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அன்றைக்குப் போய் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். பெண்களுக்குக் கவலையே இல்லை, பட்டுப் புடவை போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: குதிரைப்படைக்காரர்கள் பூட்ஸில் குதிமுள் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு விருந்தில் நடனம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் என் காஞ்சிபுரத்தின் கீழ்க்கரை ஒருவர் முள்ளில் மாட்டிக்கொண்டது. அவர் மண்டியிட்டு ஒவ்வொரு ஜரிகை இழையாக எடுத்துவிட்டார், நான் அசையாமல் நின்றேன். சுற்றி இருந்தவர்கள் ஏதோ கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று கைதட்டிவிட்டார்கள். என் கணவரும் சேர்ந்து தட்டினார்!

கென்ட்_மதுரைக்காரன்:

போய் வந்துவிட்டேன். வேட்டி கட்டலாமா என்று நண்பனிடம் கேட்டேன், தாராளமாகக் கட்டு என்றான். கடைசி நேரத்தில் எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை, வாடகை ஜாக்கெட்டிலேயே போனேன். போ டை பதினோராவது தடவைதான் படிந்தது. டோஸ்ட் முடியும்போது மணி 10.20. ஊசிநூல் அண்ணே, அந்த ஒரு எச்சரிக்கைக்கே உங்களுக்குக் கோடி நன்றி. எனக்குப் பக்கத்தில் இருந்த விருந்தாளியின் முகம் எதிரே இருந்த ஜாக்கெட்டுகளின் நிறத்துக்கு வந்துவிட்டது.

காபி வந்ததும் பையிலிருந்து பதக்கத்தை எடுத்தேன். எதிரே இருந்த நரைத்த மேஜர் ரிப்பனைப் பார்த்ததுமே "பர்மா" என்றார். வாங்கி வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அப்போதுதான் கவனித்தேன், ரிப்பனின் ஓரம் நைந்து நூல் பிரிந்திருக்கிறது. புதிதாக மாற்றலாமா, அப்படியே விடலாமா?

ஊசிநூல்:

அதே நிறத்தில் புது ரிப்பன் கடையில் கிடைக்கும், 32 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கோ. பழசை எறியாதேங்கோ. புதுசுக்குப் பின்னால் மடித்து வைத்துத் தைக்கலாம், வெளியே தெரியாது. தபாலில் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை நேரில் கொண்டு வாங்கோ.