அமைச்சர் ஆபீஸில் இருந்தவர் நம் ஊர்ப் பத்திரிகைக்கு ஆசிரியராகலாமா?

எல்லைக்கல்:
கேரளத்தில் நம் பாலக்காட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என நாலு பஞ்சாயத்துக்கும் சேர்த்து மாதம் எட்டுப் பக்கம் தமிழில் கொண்டுவரலாம் என்று பேசி வந்தோம் இல்லையா, பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. ஆசிரியர் யார் என்பதில்தான் இழுபறி. நான் சொல்லும் அண்ணன் பெயரை இங்கே போடவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். கூடவே வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. கடை போனபின் திருவனந்தபுரத்தில் ஓர் அமைச்சரின் பர்சனல் ஸ்டாஃபில் மூன்று வருஷம். இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய புரூஃப்:
என் கருத்து, வேண்டாம். நான் முப்பது வருஷம் பத்திரிகை டெஸ்க்கில், செய்தி திருத்தும் வேலையில் இருந்தவன். அமைச்சர் ஆபீஸிலிருந்து வரும் அறிக்கையை எழுதுகிறவன் வேலை, எதைச் சொல்லாமல் விடுவது என்று பார்ப்பது. மூன்று வருஷம் அதில் பழகிய கை, மறுபடி செய்தி எழுதும்போது தன்னால் அந்தப் பக்கமே சாயும். தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை. பழக்கம் அப்படி.

வாளையார் வண்டி:
ஐயா, நிருபராக இருந்தபோது மட்டும் அவர் கை நேராக இருந்ததா? அவருக்குச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்குக் கணக்குப் பார்த்துக் காசு. ஓணம், பொங்கல் சிறப்பு மலர் வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். யாரிடம் பிடிப்பது? எந்தப் பஞ்சாயத்து உறுப்பினரைப் பற்றிப் போன வாரம் எழுதினாரோ அவரிடம்தான். சோற்றுக்குக் கடைதான் துணை. 1955ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், முதன்மையான தொழில் பத்திரிகையாக இருந்தால்தான் பத்திரிகையாளர் என்றது. அந்தக் கணக்கில் இவர் பதினோரு வருஷமும் ஜெராக்ஸ் கடைக்காரர்தான்!

கடையை நான் கண்ணால் பார்த்தவன். தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நிற்போம். பில் மழையில் நனைந்து எழுத்து கரைந்திருக்கும். அந்த அண்ணன் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்து, செக்போஸ்ட்டில் காட்ட வேண்டிய சரக்கு டிக்ளரேஷன் அடிப்பார். டாட்மேட்ரிக்ஸ் பிரின்டர் கர்ர் என்று இழுக்கும். ஒரு எண் தப்பினால் வண்டி விடியும்வரை நிற்கும், தக்காளி என்னாகும் என்று சொல்ல வேண்டாம். ஒரு தடவைகூட எனக்குத் தப்பவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அந்த வருஷத்தோடு வரி செக்போஸ்ட் போச்சு. லாரிக்காரன் எனக்கு நிம்மதி, அவருக்குப் பிழைப்பு போச்சு. (ஆர்டிஓ, எக்சைஸ் சாவடிகள் போகவில்லை, அது தனிக் கதை.)

கல்பாத்தி வாசகன்:
எல்லாம் சரி. ஆனால் ஒன்றை எல்லோரும் நாசூக்காக விட்டுவிட்டீர்கள். கேரளத்தில் அமைச்சரின் பர்சனல் ஸ்டாஃபில் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், ஆயுள் முழுக்க பென்ஷன். கட்சி பார்த்துப் போடும் வேலை இது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் ஆரிஃப் முகமது கான் இதைத்தான் கேட்டு, சட்டசபையில் படிக்க வேண்டிய அரசின் கொள்கை உரையில் கையெழுத்துப் போட இழுத்தடித்தார். அந்தச் சண்டை தொடங்கியதே ஆளுநர் ஆபீஸில் ஒரு முன்னாள் பத்திரிகை ஆசிரியரை வைத்ததை அரசு ஆட்சேபித்ததில்தான். அதாவது இந்த வழியில் போகிறவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நம் அண்ணன் பென்ஷன் வாங்குகிறாரா இல்லையா?

எல்லைக்கல்:
வாங்குகிறார். மறைக்கவில்லை. அதைத் தப்பு என்றால் சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ம.பொ.சி.யைப் பாருங்கள். அச்சுக்கோப்பவராக இருந்தார், பத்திரிகை நடத்தினார், கட்சி நடத்தினார். அவர் போராடியதில் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்காரனுக்கு ஒரே வேலை என்பது எந்தக் காலத்தில் இருந்தது?

பழைய புரூஃப்:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமான உதாரணம். 'செங்கோல்' வாங்கிய எவனுக்கும் அது ம.பொ.சி.யின் பத்திரிகை, அவர் கட்சியான தமிழரசுக் கழகத்தின் குரல் என்று தெரியும். நீங்கள் கொண்டுவரப் போவது கட்சிப் பத்திரிகையா? அப்படியென்றால் அட்டையிலேயே சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெருமாட்டிக்காரி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்துப் பிளாச்சிமடையில், நிலத்தடி நீரை உறிஞ்சிக் கெடுக்கிறது என்று 2002இல் கோக்க கோலா ஆலை வாசலில் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்தபோது நான் ஒன்பதாவது படித்தேன். எங்கள் அத்தையும் போவார். பெரிய காமிராக்கள் வருவதற்கு முன்னால் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து எழுதியவர் இந்த அண்ணன். துப்பிவிட்டுத்தான் எழுதினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆலையால் ஊருக்கு 216 கோடி நஷ்டம் என்று அரசின் உயர்மட்டக் குழு சொன்னது 2010இல். இழப்பீட்டுக்கான மசோதாவைச் சட்டசபை 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இது ஒரு பக்கம். ஸ்டாஃபில் இருந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். என் மாமனார் வங்கிக் கடன் விஷயமாகத் தமிழில் மனுக் கொடுத்தார் (1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் தமிழிலேயே எழுதலாம், பலருக்குத் தெரியாது). "ஆறு மாதம் அவகாசம் வேண்டும்" என்று எழுதியிருந்தார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. ஏதோ உரிமை கேட்கிறார், அதற்கு வழியில்லை என்று குறிப்பு எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள். அண்ணன்தான் அந்தக் கட்டைப் பிரித்து, "இவர் கேட்பது டைம்" என்று ஓரத்தில் மலையாளத்தில் எழுதி மேலே அனுப்பினார். தவணை நீட்டிக் கிடைத்தது. அந்த நாற்காலியில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கல்பாத்தி வாசகன்:
அக்கா, உங்கள் மாமனாருக்கு அவரைத் தெரியும். தெரியாத ஆளின் கட்டை யார் பிரித்தார்கள்?

பெருமாட்டிக்காரி:
முதலில் தெரியாது. மனுவில் இருந்த நம்பருக்கு அவரே கூப்பிட்டார். ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எல்லோருக்கும் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பழைய புரூஃப்:
அந்த அவகாசக் கதை நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட கண் உள்ளவரைத்தான் புரூஃபுக்குத் தேடுவோம். நான் ஒரு பரீட்சை வைக்கிறேன். தமிழ்நாட்டோடு நமக்குள்ள பரம்பிக்குளம் ஆளியாறு தண்ணீர் ஒப்பந்தப்படி, எல்லையில் உள்ள மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வர வேண்டும். நம் சிற்றூர் தாலுகா வாய்க்காலில் தண்ணீர் குறையும்போதெல்லாம் தமிழ்நாட்டைக் கைகாட்டுகிறோம், நம் பக்கம் வந்த தண்ணீரை எப்படிப் பங்கு வைத்தோம் என்று யாரும் எழுதுவதில்லை. முதல் இதழில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதினால் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வாளையார் வண்டி:
ஐயா இறங்கி வருகிறார்!

எல்லைக்கல்:
நேற்று மாலை வீட்டுக்கே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த விஷயத்தில் அமைச்சர் சட்டசபையில் படித்த பதிலை எழுதிக் கொடுத்ததே நான்தான். அதில் விட்டது என்ன என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் எழுதக் கூடாது. வேறு யாராவது எழுதட்டும். அவர்கள் கேட்டால் எந்த ரிஜிஸ்டரைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்கிறேன்" என்றார். ஆசிரியர் பெயருக்குக் கீழே "அமைச்சர் அலுவலக முன்னாள் ஊழியர், பென்ஷன் பெறுபவர்" என்று ஒவ்வொரு இதழிலும் போடவும் சம்மதம்.

கல்பாத்தி வாசகன்:
அதைச் சின்ன எழுத்தில் போடக் கூடாது.

பழைய புரூஃப்:
எழுதக் கூடாது என்று சொன்னாரா? சரி. ஆசிரியர் பதவிக்கு என் ஓட்டு இன்னும் இல்லை. ஆனால் மணக்கடவு விஷயத்தை நானே எழுதுகிறேன், ரிஜிஸ்டர் எது என்று கேட்டு அனுப்புங்கள்.