எஞ்சினை இறக்காம கியர்பொக்ஸை மட்டும் கழட்டின அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

கொட்டாஞ்சேனை121:
என்னுடையது டொயோட்டா கொரொல்லா 121, ஓட்டோ கியர். கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஒயில் மூலமா கியர்பெட்டிக்குக் கொடுக்கிற உருளை) சீல் ஒழுகுது என்று 2021ல கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். குறுக்குப் பைப்பில சங்கிலி போட்டு எஞ்சினைத் தாங்கிக்கொண்டு, ஷாஃப்ட் ரெண்டையும் உருவி, பெட்டியைக் கீழே எடுத்தாங்க. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல.

ஏத்தும்போதுதான். பெல் ஹவுசிங்குக்கும் (பெட்டியின்ட மணி மாதிரி வாய்) எஞ்சினுக்கும் நடுவில ஒரு விரல் இடைவெளி. டோர்ச் பிடிச்சுக்கொண்டு நின்றது நான். கராஜ் பாஸ் ரெண்டு போல்ட்டைப் போட்டு மாறிமாறி இறுக்கினார். இடைவெளி குறையக் குறைய உள்ளே போற வெளிச்சம் நூல் மாதிரி ஆச்சு. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். "சரி, உட்கார்ந்துட்டு" என்றார்.

கன்வர்ட்டர் முழுசா உள்ளே இறங்கவே இல்ல. பெட்டிக்குள்ள இருக்கிற ஒயில் பம்ப் உடைஞ்ச சத்தம் அது. ஸ்டார்ட் பண்ணினா முன்னுக்கும் போகல்ல, பின்னுக்கும் போகல்ல. வாகன இறக்குமதி நிறுத்தியிருந்த காலம், ரீகண்டிஷன் பெட்டி தேடி மூணு நாள் பஞ்சிகாவத்தையில அலைஞ்சேன். காசு போனது போகட்டும். இடைவெளியைக் கண்ணால பார்த்தும் "பொறுங்க பாஸ்" என்று சொல்லாம நின்றேனே, அதுதான் இன்னும் உறுத்துது.

தெமட்டகொடை70:
இதுக்குத்தான் முன்சில்லு இழுக்கிற காருக்கு எஞ்சினோட சேர்த்து இறக்கணும் என்று நான் எப்பவும் சொல்றது. வெளியில வச்சுப் பூட்டினா எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

என்ட கேஈ70, பின்சில்லு இழுக்கிற பழைய கொரொல்லா, 4கே எஞ்சின். கிளட்ச் பிளேட் மாத்த வீட்டு ஒழுங்கையிலேயே நானும் மச்சானும் பெட்டியை இறக்கினோம். ஏத்தும்போது ஷாஃப்ட்டின்ட பல்லு (ஸ்ப்ளைன்) பிளேட் ஓட்டைக்குள்ள போகல்ல. பிளேட் நடுவில இல்ல, ஒரு மயிரிழை கீழே. மச்சான் கைவிட்டுட்டு ஜக்கை எடுக்கப் போயிட்டான். பெட்டி முழுக்க என் நெஞ்சில. நான் மூச்சு விட அது ஏறி இறங்குது, வால் பக்கத்தால ஒயில் கழுத்துக்குள்ள சொட்டுது. "கெதியா வாடா" என்று கத்தக்கூட மூச்சு வரல்ல. கடைசியில பக்கத்துக் கராஜ்ல ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் வாங்கி வந்து பிளேட்டை நடுவுக்கு எடுத்த பிறகுதான் போச்சு.

ஆமர்வீதி:
70 அண்ணே, கோவிக்க வேணாம், நீங்க சொல்றது சரியில்ல. பெட்டிக்காக எஞ்சினையும் இறக்கினா ஏசி காஸ், ரேடியேட்டர் ஹோஸ், பெற்றோல் லைன், வயரிங் எல்லாத்தையும் கழட்டணும். நல்லா இருக்கிற பழைய வயர் கிளிப் உடையிறது அங்கதான். 121 அண்ணாவுக்கு நடந்ததுக்குக் காரணம் எஞ்சின் காருக்குள்ள இருந்தது இல்ல, போல்ட்டால இழுத்தது.

என் அல்டோவில பெரிசா ஒண்டும் நடக்கல்ல. நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில போட்டு கேசிங் வெடிச்சது, அவ்வளவுதான்.

செய்யப் போறவங்களுக்கு: முதல்ல பெட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. ஜக்கை நம்பி யாரும் கீழே போகாதீங்க, ஸ்டேண்ட் வையுங்க. சம்புக்கு (எஞ்சின் அடியில இருக்கிற ஒயில் தொட்டி) நேரா ஜக் வைக்காம நடுவில பலகை வையுங்க. மாரி பிஸ்கட் பெட்டி அட்டையில பெல் ஹவுசிங்கைக் கீறி, கழட்டுற போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்க. ஓட்டோ என்றால் கன்வர்ட்டரைக் கையால சுத்திச் சுத்தித் தள்ளுங்க, படிபடியா உள்ளே விழும். விளிம்பில ஸ்கேலை வச்சு எவ்வளவு உள்ளே இருக்கு என்று அளந்துகொள்ளுங்க. பெட்டி முகமும் எஞ்சின் முகமும் கை பலத்தாலேயே ஒட்டணும். ஒட்டின பிறகும் கன்வர்ட்டர் லேசா சுத்தணும். சுத்தாட்டி போல்ட்டில கை வைக்க வேணாம், திரும்ப இறக்குங்க. டவல் பின் (பெட்டியை நேரா பொருத்துற குட்டி ஊசி) ரெண்டும் இருக்கா என்றும் பாருங்க. மெனுவல் என்றால் பெட்டியை ஷாஃப்ட்டில தொங்க விடாதீங்க, பிளேட் வளையும்.

வெள்ளவத்தைமழை:
லான்சர். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூணும் புதுசு போட்டேன். கிராங் ஷாஃப்ட்டின்ட பின்பக்க ஒயில் சீலை மட்டும் "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டேன். ரெண்டாவது கிழமை காலையில பார்த்தா வீட்டு வாசல்ல உள்ளங்கை அளவு ஒயில். புது பிளேட்டும் நனைஞ்சிட்டு. எல்லாத்தையும் திரும்ப இறக்கினோம்.

கொட்டாஞ்சேனை121:
ஆமர்வீதி தம்பி, நாங்க கையால சுத்திப் பார்க்கவே இல்ல. அளக்கவும் இல்ல. வாற சனிக்கிழமை என் மைத்துனரின்ட காருக்கு இறக்குறாங்க, அதுவும் ஓட்டோதான். ஸ்கேலை எடுத்துக்கொண்டு நானே போறேன்.