ஒரு வருட அட்வான்ஸ்: "மூன்று மாதம்தான் சட்டம்" என்று தீர்ப்பு எழுதியவருக்கு

கடலோர வீட்டுக்காரன்: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரன் எல்லாம் சட்டத்தை மீறுகிறானாம். இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இருக்கிறதாம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கம் வீடு வாடகைக்குக் கொடுக்கிறேன். ஒரு வருட அட்வான்ஸ்தான் வாங்குகிறேன். வந்து பிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி: அந்த ஒருவர் நான்தான் ஐயா. நேராகவே திட்டலாம். மூன்று மாதம் என்று சட்டத்தில் இருக்கிறதா, இல்லையா?

கடலோர வீட்டுக்காரன்: இருக்கிறது தம்பி. உன் வீட்டுக்கு இருக்கிறதா என்று பார்த்தாயா? 1980இல் 55ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. என் தொடர்மாடி 2004இல் எழும்பியது. அந்தப் பழைய சட்டத்தின் நிழலில் பாட்டன் காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அசையாமல் இருக்கிறார்களே, அவர்களிடம் போய் உன் மூன்று மாதத்தைச் சொல்லு.

கொட்டாஞ்சேனைக்காரி: எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? என் மாமனார் அந்தப் பழைய வாடகையில்தான் இருந்தார். கூரை ஒழுகினால் ஓடு மாற்றியதும் அவர்தான். சொந்தக்காரர் எட்டியும் பார்க்கவில்லை.

உறுதி எழுதுபவன்: ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் சொல்லும் அட்வான்ஸ் போகும்போது திருப்பிக் கொடுப்பதா, மாதாமாதம் வாடகையில் கழிப்பதா? இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாம் மாடி: எதுவானால் என்ன, மூன்று மாதம் மூன்று மாதம்தான். போன வீட்டில் என் அட்வான்சில் பெயின்ட் அடித்த கூலி என்று பாதியை வெட்டினார்கள். சுவரில் ஒரு ஆணிகூட நான் அடிக்கவில்லை.

கடலோர வீட்டுக்காரன்: பார்த்தீர்களா, சட்டம் சட்டம் என்றது கடைசியில் பெயின்டில் வந்து நிற்கிறது. என்னிடம் இருந்தவர் நாலு மாத வாடகையும் தராமல், தண்ணீர்ப் பில்லும் கட்டாமல், இரவோடு இரவாகப் போனார். அதற்கு எந்தச் சட்டம்? மாநகர சபைக்குச் சோலை வரி கட்டுவது யார்? நான். லிப்ட் பழுதானால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? என்னை. குத்தகை முடிந்தும் போகாதவரை வெளியேற்ற 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்களே, எதற்காம்? எங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டுக்குத்தான்.

உறுதி எழுதுபவன்: ஐயா, உங்கள் குத்தகை, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் எழுதியதா? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அப்படித்தான் எழுத வேண்டும். புரோக்கர் கொண்டுவரும் அச்சடித்த தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் போதாது.

கடலோர வீட்டுக்காரன்: 1840 வெள்ளைக்காரன் காலம். நீங்கள் உங்கள் கட்டணத்துக்கு ஆள் பிடிக்கிறீர்கள்.

மூன்றாம் மாடி: அவர் பழைய சட்டம் சொன்னால் வெள்ளைக்காரன் காலம். நீங்கள் சொன்னால் மட்டும் சட்டமா? மூன்று மாதத்துக்குப் பதில் எங்கே?

கடன் பிரிவு: வங்கியில் வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன். அந்த வீடு வங்கிக் கடனுக்கு ஈட்டில் இருக்கிறதா என்று வாடகைக்கு வருபவர் எவராவது காணிப் பதிவகத்தில் பார்த்ததுண்டா? 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே ஏலம் விடலாம். 2024இல் அதை நிறுத்தி வைத்தார்கள், 2025 மார்ச் வரைக்கும்தான். ஏலம் போன வீட்டில் உங்கள் ஒரு வருட அட்வான்சை யாரிடம் கேட்பீர்கள்?

கடலோர வீட்டுக்காரன்: என் வீட்டில் ஒரு சதம் கடன் கிடையாது. உங்கள் வங்கிக்காரர்கள் வட்டியை ஏற்றியபோது எங்கே போயிருந்தீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரி: கடன் இல்லாத மனிதருக்கு ஒரு வருடக் காசு முன்கூட்டியே எதற்கு? வெளிநாட்டுக் காசு வந்துதான் வெள்ளவத்தை வாடகை இப்படி ஏறியது.

கடலோர வீட்டுக்காரன்: என் மகன் டொரோண்டோவில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது. வாயை அடக்கிப் பேசுங்கள். போன மாதம் பார்க்கிங் விஷயத்திலும் நீங்கள்தான் முதலில் தொடங்கினீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி: பார்க்கிங்கில் என்ன பொய் சொன்னேன்? மச்சம், மாமிசம் சமைப்பவர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரம் போட்டவரும் நீங்கள்தானே.

கடலோர வீட்டுக்காரன்: என் வீடு, என் அடுப்பு. சமைப்பதற்கும் சட்டம் இருக்கிறதா?

உறுதி எழுதுபவன்: திருப்பிக் கொடுப்பதா, கழிப்பதா? இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடி: மூன்று மாதம்.

கடலோர வீட்டுக்காரன்: 1980, தம்பி. 1980.