ஷ்வைன்ஸ்டைகரை மூன்றாம் தளத்திலிருந்து பார்த்த அனுபவம்

நேரில் பார்த்த கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கோல் அடித்தவர்களின் பெயர்களே வரிசைகட்டி வருகின்றன. என் பங்குக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரரைச் சொல்கிறேன்: ஜெர்மனியின் பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர். வேலை நிமித்தம் மியூனிக்கில் இருந்த ஆண்டுகளில் அவர் ஆட்டத்தைப் பார்க்க வாய்த்தது. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவருடைய அருமை பாதிதான் தெரியும் என்பது என் கட்சி.

2013 ஏப்ரல் 23. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி, எதிரணி பார்சிலோனா. ஷ்வைன்ஸ்டைகர் ஆடிய பயர்ன் மியூனிக் கிளப்பில் உறுப்பினரான அலுவலக நண்பர் ஒருவருக்கு வர முடியாமல் போக, அவருடைய டிக்கெட் என் கைக்கு வந்தது. பயர்னின் சொந்த அரங்கான அல்லயன்ஸ் அரீனாவின் மூன்றாம் தளம். முகம் தெரியாத உயரம். ஆனால் மைதானம் மொத்தமும் கேரம் பலகையாய் விரிந்து கிடந்தது. பந்தை விட்டுவிட்டு அவருடைய 31ஆம் எண் ஜெர்சியை மட்டும் கண்ணால் தொடர்ந்தேன். பந்து காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பி இருபுறமும் பார்த்துக்கொள்வார். சக ஆட்டக்காரர் ஹாவி மார்ட்டினெஸ் முன்னே ஏறினால் இவர் சத்தமில்லாமல் பின்வாங்கி அந்த இடத்தை அடைத்துவிடுவார். கையை நீட்டி யாரையாவது நகர்த்திக்கொண்டே இருப்பார். பார்சிலோனாவின் ஷாவியிடமும் இனியெஸ்டாவிடமும் பந்து நிறையவே இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இடமில்லை. பயர்னுக்கு 4-0. முல்லர் இரண்டு, கோமெஸும் ராபெனும் ஆளுக்கொன்று. மறுநாள் அலுவலகத்தில் அந்த மூவர் பேச்சுதான்!

இத்தனைக்கும் இவர் முதலில் ஓரத்தில் ஓடிய விங்கர். 2009இல் பயிற்சியாளராக வந்த லூயி வான் கால்தான் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜெர்மன் கால்பந்துக்கு அந்த டச்சுக்காரர் செய்த பேருதவி அது. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாக்காரர்களை வரிசையாக ஏமாற்றி உள்ளே புகுந்து, ஃப்ரீட்ரிஷின் கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தாரே, அங்கே பழைய விங்கர் எட்டிப் பார்த்தார்.

2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி வேறு கதை. சொந்த அரங்கிலேயே செல்சியுடன் மோதல். டிக்கெட்டுக்கு வழியில்லை, அக்டோபர் விழா நடக்கும் தெரேசியன்வீஸ திடலில் பெரிய திரை முன் கூட்டத்தோடு நின்றேன். 1-1, பிறகு பெனால்டிகள். ஷ்வைன்ஸ்டைகர் அடித்தது செல்சி கோல்கீப்பர் செக்கின் விரலில் உரசிக் கம்பத்தில் மோதியது. ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்து வந்த செல்சியின் ட்ரோக்பா கதையை முடித்தார். என் பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைத் தரையில் ஓங்கி அடித்து, கூடுதல் நேரத்தில் பெனால்டியைக் கோட்டைவிட்ட ராபெனை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஷ்வைன்ஸ்டைகரை ஒரு சொல் சொல்லவில்லை. கோல்பர்மூரில் பிறந்து 1998இல் பயர்ன் இளையோர் அணிக்கு வந்த உள்ளூர் பவேரிய மாநிலப் பிள்ளை அல்லவா, அந்தச் சலுகை. அடுத்த ஆண்டே வெம்ப்ளியில் டார்ட்மண்டை வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

2014 உலகக் கோப்பையின் மரக்கானா இறுதிப்போட்டியை நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே கிழிந்து, கோட்டோரம் சிகிச்சை முடித்து மறுபடி உள்ளே ஓடியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய நாட்களைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது 2018 ஆகஸ்ட் 28 அன்று, அவருக்காகவே மியூனிக்கில் நடத்திய பிரியாவிடை ஆட்டத்தில். அப்போது அவர் அமெரிக்காவின் சிகாகோ ஃபயர் அணி ஆட்டக்காரர், எதிரணியும் அதுதான். முதல் பாதி சிகாகோவுக்கு, இரண்டாம் பாதி பயர்னுக்கு ஆடினார். 83ஆவது நிமிடத்தில் கோலும் அடித்தார், ஆட்டம் பயர்னுக்கு 4-0. அரங்கமே எழுந்து ‘ஃபூஸ்பால்காட்’, அதாவது கால்பந்துக் கடவுள், என்று முழங்கியது. சிகாகோக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்களா என்று நண்பர்களுக்குள் இன்றும் வழக்கு நடக்கிறது. தினமும் அவரோடு பயிற்சி செய்தவர்கள்தானே எதிரே நின்றார்கள் என்பது என் வாதம். அந்த டிக்கெட் நண்பர் மட்டும் இதைக் கேட்டால் இப்போதும் கோபித்துக்கொள்கிறார்.