பத்தமடைக் கோரையில் மடிக்கணினி உறை: மூன்று நாள் பட்டறை போதுமா?

கோரைத்துறை கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் பாய் நெய்கிற மகளிர் குழு ஒன்றுக்குப் புதுச் சரக்கு தேடுகிறோம். கல்யாணப் பாயும் தரைப் பாயும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அதே கோரையில் மடிக்கணினி உறை, மேசை விரிப்பு, தோள்பை என மூன்று யோசனைகள் கையில் இருக்கின்றன. நேரே ஐம்பது உருப்படி தைத்துக் கடையில் தூங்கவிடுவதை விட, எல்லாரையும் உட்கார வைத்து ஒரு சின்ன வடிவமைப்புப் பட்டறை நடத்தி, மாதிரி செய்து, வாங்குகிறவர்களிடம் காட்டிப் பார்க்கலாம் என்று திட்டம்.

மொத்தம் ஏழு பேர். நெசவாளர் மூவர், தையல் தெரிந்தவர் ஒருவர், பாளையங்கோட்டையில் கைவினைக் கடை வைத்திருப்பவர் ஒருவர், டிசைன் படித்த தம்பி ஒருவர், நடத்துவதற்கு நான். இதற்கென இருக்கிற ‘டிசைன் ஸ்பிரிண்ட்’ முறைப்படி ஐந்து நாள் உட்கார வழியில்லை. கூலி போகும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா உண்டு.

எனக்குத் தெரிய வேண்டியது: ஐந்து நாள் முறையை மூன்றாகச் சுருக்கினால் எதை வெட்டலாம்? மெல்லிய பாய் ஒன்று தறியை விட்டு இறங்கவே நாள் கணக்காகுமே, மாதிரியை ஒரே நாளில் எப்படிச் செய்வது? எத்தனை பேரிடம் காட்டினால் நம்பலாம்?

தாமிரபரணிக்கரை:

மூன்று நாள் தாராளம். ஜேக் நாப் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் கூகுளில் தொடங்கி, பிறகு அதன் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸில் செப்பனிட்ட இந்த முறையில் திங்கள் பிரச்சினையைப் படமாக வரைவது, செவ்வாய் ஆளாளுக்குத் தனியாகத் தீர்வு வரைவது, புதன் ஒன்றைத் தேர்வது, வியாழன் மாதிரி செய்வது, வெள்ளி ஐந்து பேரிடம் காட்டுவது. இது மென்பொருள்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. உங்களுக்கு முதல் மூன்று நாளையும் ஒரே நாளாக்கலாம். மாதிரி செய்யும் நாளிலும் காட்டும் நாளிலும் கை வைக்காதீர்கள். நேரம் போதவில்லை என்று காட்டும் நாளை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். அதை வெட்டினால் மிஞ்சுவது ஒரு கூட்டம்தான்.

நேரம் காலை 10 முதல் 3.30 வரை. கிழமை திங்கள், செவ்வாய், புதன். நோன்பு மாதம் வேண்டாம். கார், பிசானப் பருவ நெல் நடவு நேரத்தையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தவிர்த்துவிடுங்கள். நடவுக்கு ஆள் போய்விடும், மழையில் கோரை காயாது.

முதல் நாள் முதல் வேலை, மூன்று யோசனையில் இரண்டை எடுத்து வைப்பது. ஒரு பட்டறைக்கு ஒரு சரக்குதான். உறை என்று முடிவானால், மூன்றாம் நாள் சாயங்காலம் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். “ரெக்சின் உறை வைத்திருக்கிற ஒருவர், ஒடியும் என்ற பயம் இல்லாமல், கூடுதல் காசு கொடுத்துக் கோரை உறை வாங்குவாரா?” என்பது போல. “நல்ல உறை செய்வது எப்படி?” என்று எழுதினால் எந்தப் பதிலும் சரியாகத்தான் தெரியும், மூன்று நாளும் பேச்சிலேயே போய்விடும்.

அடுத்த அரை மணி கடைக்காரர் பேசட்டும். வருகிறவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள், என்ன விலையில் முகம் மாறுகிறது. மற்றவர்கள் குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எழுத வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்.

பிறகு யோசனை வரைதல். தாளை எட்டாக மடித்து எட்டு நிமிடத்தில் எட்டுப் படம் வரையும் பழக்கம் உண்டு. டிசைன் படித்த தம்பிக்கு அது சரி. பேனா பிடித்துப் படம் போட்டுப் பழகாத நெசவாளரிடம் அதைக் கொடுத்தால் அவர் கை கட்டிக்கொள்வார், பாதி அறிவு அங்கேயே வெளியேறிவிடும். அவர்களுக்கு ஒரு நிஜ மடிக்கணினி, பிரவுன் தாள் 5 ஷீட், கத்தரிக்கோல், செலோ டேப், பழைய பாய்த் துண்டு கொடுங்கள். இருபது நிமிடத்தில் ஆளுக்கு இரண்டு விதமாகச் சுற்றி, மடித்துக் காட்டட்டும். எல்லாரும் தனித்தனியாக, பேசாமல். சேர்ந்து பேசிக்கொண்டே செய்தால் முதலில் வாய் திறந்தவர் யோசனைதான் ஏழு விதமாக வெளியே வரும்.

தேர்வுக்கு ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் ஒரு மூடிய டம்ளர், மூடியில் ஓட்டை. வழக்கமாகப் பிடித்த மாதிரியில் வண்ணப் புள்ளி ஒட்டித் தேர்கிற முறையில் மூத்தவர் எதில் ஒட்டுகிறாரோ அதிலேயே மற்றப் புள்ளியும் போய் விழும். டம்ளரில் அது தெரியாது. கொட்டிய பிறகு முதல் இரண்டை மட்டும் எடுங்கள். கடைசி முடிவை ஒருவர் சொல்ல வேண்டும், அவர் யார் என்பதைக் காலையிலேயே அறிவித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் மாதிரி, மூன்றாம் நாள் காலை நான்கு பேர், மதியம் ஒருவர். கடைசி ஒரு மணி நேரம் குறிப்புகளைக் கூட்டி வைக்க.

ஊடும்பாவும்:

இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. தறி வேலை பட்டறைக்குள் வரவே கூடாது. அது பட்டறைக்கு இரண்டு வாரம் முன்பே நடந்திருக்க வேண்டும். கோரையைக் கீறிக் காயவைத்து, ஊறப்போட்டு, மறுபடி மெல்லிசாக வகிர்ந்து, சாயம் தோய்த்துக் காயவைப்பதற்குள் எத்தனையோ நாள் ஓடிவிடும். ஆகவே 45 × 70 செ.மீ. அளவில் ஆறு துண்டுகள் முன்கூட்டியே நெய்து வைக்கச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியோடு. பருத்திப் பாவில் (தறியில் கட்டுகிற நூலில்) மெல்லிய கோரை போட்டது இரண்டு, நடுத்தரத்தில் இரண்டு, தரைப்பாய் கனத்தில் இரண்டு. நெய்யும்போது ஈரம் இருக்கும், காய்ந்ததும் கோரை ஒடுங்கி இடைவெளி விழும். குறைந்தது மூன்று நாள் நிழலில் ஆறவிட்ட துண்டைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டுப் பிறகு கத்தரி போடுங்கள். இல்லையென்றால் பாவு நூல் உருவி, ஓரக் கோரை ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

உறையில் மாட்டிக்கொள்ளும் இடம் மடிப்புதான். பாயைச் சுருட்டும்போது கோரை நீளவாக்கில் அப்படியே கிடக்கிறது, வளைவது பாவு நூல். அந்த வாக்கில் எத்தனை முறை மடித்தாலும் ஒன்றும் ஆகாது. கோரையையே குறுக்கே மடக்கினால் ஒடியும். முதல் நாள் தெரியாது, பத்தாவது மடிப்பில் வெள்ளையாகக் கோடு விழும், பிறகு முள் மாதிரி குத்தும். ஆகவே மூடி மடிகிற கோடு கோரைக்கு இணையாக வரும்படி துண்டைத் திருப்பி வைத்து வெட்டுங்கள். டிசைன் தம்பி கோலத்தின் அழகுக்காகத் துண்டைத் திருப்பச் சொல்வார். நெசவாளர் ‘வேண்டாம்’ என்றால் அந்த வார்த்தைதான் சட்டம்.

தையலில் இரண்டு சங்கதி. மிஷின் ஊசி 16-ம் நம்பர், கனத்த துண்டுக்கு 18. தையல் நீளம் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நெருக்கமாகக் குத்தினால் வரிசையாக ஓட்டை விழுந்து, தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். தைப்பதற்கு முன் ஓரத்தை ஈரத்துணியால் ஒற்றிப் பத்து நிமிடம் விட்டால் கோரை பதமாகும், ஊசி பிளக்காது. நனைக்க வேண்டாம், நனைத்தால் உள்ளே பூஞ்சை வரும். ஓரத்துக்கு 4 செ.மீ. அகலப் பருத்திப் பட்டி. உள்ளே 3 மி.மீ. ஃபோம், அதற்குமேல் துணி லைனிங். 14 அங்குல மடிக்கணினிக்கு உள்ளளவு சுமார் 34 × 25 செ.மீ. வையுங்கள், கனமான மாடலும் போகட்டும்.

சாயத்தையும் சோதியுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்புக் கோரையில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் துண்டைக் காட்டாதீர்கள். வெயிலில் கையில் பிடித்து நடப்பவருக்கு வேர்வை பட்டுச் சட்டையில் ஒட்டும்.

கோலம், நிறம் பற்றிய கேள்விகளுக்கு நெசவே தேவையில்லை. நல்ல பாயை நேர் மேலிருந்து வெளிச்சத்தில் படமெடுத்து, நிஜ அளவில் ஏ3 தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி உறை வடிவில் மடித்துவிடுங்கள். தொட்டுப் பார்க்க ஒரு நெசவுத் துண்டு, கண்ணால் பார்க்க நாலு அட்டை உறை. புதுக் கோலம் வேண்டுமென்றால் கிராஃப் தாளில் ஒரு கட்டம் ஒரு கோரை என்று கணக்கு. துண்டில் 5 செ.மீ.க்கு எத்தனை கோரை என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் கணினியில் போட்ட வளைகோடுகள் தறியில் படிக்கட்டாகத்தான் வரும்.

கோரைத்துறை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. கோரைக்கு இணையான மடிப்பு என்பதை மூன்று பேரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். முன்கூட்டி நெய்யக் குழுவில் அறுவருக்கு வேலை பிரித்திருக்கிறது. காட்டுகிற நாளைப் பற்றி யாராவது விளக்குங்கள். ஐந்து பேர் போதுமா?

கேட்டுப்பார்:

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. பொருள்கள் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கணக்கு இது: ஒரு ஆள் பயன்படுத்தும்போது பொருளில் உள்ள குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்பட்டால், ஐந்தாவது ஆளுக்குள் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். அந்த ஐந்தாவது ஆளுக்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் சொன்னதையே சொல்வார்கள். இது மூடி திறக்கவில்லை, வெல்க்ரோ கோரையைப் பிடித்து இழுக்கிறது, சார்ஜர் எங்கே வைப்பது என்ற வகைக் குறைகளுக்கான கணக்கு. ‘எத்தனை விற்கும்’ என்பதற்கு ஐந்து பேரை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. அந்தக் கேள்வியைப் பட்டறையில் கேட்காதீர்கள்.

ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க வேண்டும். பாளையில் கல்லூரி மாணவர், கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காவில் வேலை பார்ப்பவர், கம்பெனிப் பரிசுக்கு மொத்தமாக எடுப்பவர் என்று கலந்து அழைத்தால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுப்பார்கள். இந்த முறை தினமும் மடிக்கணினி தூக்கிப் பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறவர் ஐவர் மட்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் வேண்டாம். ஐவருக்கும் முந்தின நாளே போன் போட்டு உறுதி செய்து, ஆறாவதாக ஒருவரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளுக்கு முப்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பொருளையே காட்டாதீர்கள். இப்போது மடிக்கணினியை எதில் எடுத்துப் போகிறார், எங்கே வாங்கினார், என்ன விலை, கடைசியாக எப்போது மழையில் நனைந்தது என்று கேளுங்கள். பிறகு உறையை மேசையில் வைத்து, “உங்க கம்ப்யூட்டரை இதில் வையுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கையைப் பாருங்கள். எந்தப் பக்கம் திறக்கத் தேடுகிறார், எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, மடிப்பை அழுத்தாமல் பயந்து பிடிக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அவர் தடுமாறும்போது உதவிக்குப் போகிற கையைக் கட்டி வையுங்கள். நெசவாளர் எதிரில் உட்கார்ந்திருந்தால் வந்தவர் மனம் நோகாமல் பேசுவார். அதனால் அவர்களைப் பக்கத்து அறையில் இருக்க வைத்து, போன் வீடியோ காலில் நேரடியாகப் பார்க்க விடுங்கள். வந்தவரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பொருளைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டால் பதில் “நல்லாருக்கு”தான். அது மரியாதை. அதனால் எப்போதும் இரண்டு மாதிரி வையுங்கள். ஜிப் வைத்தது, கயிறு கட்டியது என்று இரண்டு இருந்தால் “எதை எடுத்துட்டுப் போவீங்க, மற்றதை ஏன் விட்டீங்க?” என்று கேட்கலாம். விட்ட பொருளைக் குறை சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்காது.

விலைக்கு “எவ்வளவு கொடுப்பீங்க?” என்பது வேண்டாம். அதற்கு வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. விலைச் சீட்டு ஒட்டி வைத்து, கடைசியில் “அடுத்த மாதம் தயாராகும், 200 ரூபாய் முன்பணம் கொடுத்துப் பதிவு செய்யலாம், நாங்கள் உறை செய்து தரவில்லை என்றால் பணம் முழுக்கத் திரும்பிவரும்” என்று சொல்லுங்கள். பர்ஸ் வெளியே வருகிறதா, “யோசிச்சுச் சொல்றேன்” என்று வருகிறதா என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். எத்தனை விற்கும் என்று இதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஏன் தயங்கினார் என்பது மட்டும் தெரியவரும்.

குறிப்புக்குச் சார்ட்டில் ஐந்து நெடுங்கட்டம், ஆளுக்கு ஒன்று. குறுக்கே கவனித்த இடங்கள்: திறந்தது, உள்ளே வைத்தது, மடித்தது, கையில் பிடித்தது, விலை. சரியாக நடந்ததற்குப் பச்சை பேனா, தடுமாறியதற்குச் சிவப்பு பேனா. ஒரே வரியில் மூன்று சிவப்பு வந்தால் அது மாற்ற வேண்டியது. ஒரே ஒரு சிவப்பைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள்.

அச்சுக்கட்டை:

மேலே சொன்னதெல்லாம் சரி. இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. கடைசி முடிவு சொல்பவராகக் கடைக்காரரை வைக்க எல்லாருக்கும் தோன்றும், ஏனென்றால் காசு அவர் பக்கம். அவரை வைத்தால் நெய்வதற்கு மூன்று மடங்கு நேரமாகும் கோலம்தான் தேர்வாகும், அந்த நேரத்துக்கான கூலி பிறகு விலையில் ஏறாது. முடிவு நெசவாளர்களில் ஒருவர் கையில் இருக்கட்டும். கடைக்காரருக்கு விலை பற்றி எதிர்ப்புச் சொல்ல முழு உரிமை இருக்கட்டும். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மாதிரிக்கும் ‘இதை நெய்ய எத்தனை மணி’ என்று சீட்டில் எழுதி டம்ளருக்கு முன்னால் வைத்துவிடுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது பல நேரம் அந்தச் சீட்டைப் பார்த்ததும் மாறும்.

மற்றது கூலி. மூன்று நாளுக்கும், முன்கூட்டி நெய்த துண்டுகளுக்கும் தனித்தனியாக, அன்றன்று சாயங்காலமே கையில் கொடுங்கள். பட்டறையில் உருவான கோலம் யாருக்குச் சொந்தம் என்பதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அது ஒரு தனிக் கோலத்தை நகல் எடுப்பதிலிருந்து காக்காது. மாதிரிப் படங்களைப் பட்டறை முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். மிஷின் பாய்க்காரர் ஒருவர் பார்த்தால் உங்கள் முதல் உருப்படிக்கு முன்னால் அவருடையது சந்தைக்கு வந்துவிடும்.