வகுப்புப் பார்வை தவறாமல் நடக்கிறது, கற்றல் மட்டும் உயரவில்லை. எதை மாற்றலாம்?

கரும்பலகை என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:
18 ஆசிரியர்கள், 40 நிமிடப் பாடவேளை. தலைமையாசிரியர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகுப்பிலும் முழுப் பாடவேளை உட்கார்ந்து, 30 கூறுகள் உள்ள படிவத்தில் மதிப்பெண் போடுகிறார். பாடக்குறிப்பு, பதிவேடுகளில் குறையில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் வாசிப்பில் தடுமாறுகிறார்கள், கழித்தலும் வரவில்லை. இந்த வேலைக்கு வாரத்தில் 5 மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எப்படி மாற்றி அமைப்பது?

நெடுங்கணக்கு:
முதலில் அந்தப் படிவத்தை விடுங்கள். 30 கூறுகளையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொள்ள எந்த ஆசிரியராலும் முடியாது. மதிப்பெண் இருக்கும்வரை, அன்றைக்கென ஒத்திகை பார்த்த பாடம்தான் கண்ணில் படும்.

20 நிமிடம் பாருங்கள், அன்றே 10 நிமிடம் பேசுங்கள். வாரத்துக்கு 9 பேர் என்றால் நாலரை மணி நேரம். இரண்டு வாரத்தில் 18 பேரும் முடிந்துவிடும். பார்க்கும்போது கரும்பலகையை விட மாணவர் நோட்டில் கண் இருக்கட்டும். கடைசி வரிசையில் மூன்று பேரிடம் "இப்போ என்ன செய்றீங்க, ஏன்?" என்று கேட்டால் பாடம் போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

பேசும்போது ஒரே ஒரு மாற்றம். "மாணவர் பங்கேற்பைக் கூட்டுங்கள்" என்றால் ஒன்றும் நடக்காது. "கேள்வி கேட்டதும் ஐந்து நொடி பொறுங்கள், எல்லாரும் சிலேட்டில் எழுதிக் காட்டட்டும், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் மறுநாளே செய்ய முடியும். அடுத்த சுற்றில் அதை மட்டும் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இந்த மறுபார்வைதான் விட்டுப்போகிறது.

மணியடி:
மேலே சொன்னது சரி, ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு அது மட்டும் போதாது. சராசரி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. பிழையின் வகை தெரிய வேண்டும். 52−27-க்கு 35 என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. அதற்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் பிழைதான் பழகும். பத்துக் குச்சி கொண்ட கட்டு ஐந்தும், தனிக் குச்சி இரண்டும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்க வைக்க வேண்டும்.

வாசிப்புக்கு, முன்பு பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். பிறகு பத்தியிலிருந்து இரண்டு கேள்வி. எழுத்தில் நிற்பவர், சொல்லில் நிற்பவர், சரளமாகப் படித்தும் பொருள் புரியாதவர் என மூன்று குழு. தினமும் ஒரு பாடவேளை குழுவாக நடத்தி, ஆறு வாரத்தில் மறுபடி சோதித்துக் குழுவை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கீழ்க்குழு நிரந்தர முத்திரையாகிவிடும், அது பெரிய அநியாயம்.

நேரத்தையும் பாருங்கள். காலைக்கூட்டம் தினமும் 10 நிமிடம் நீண்டால், 200 வேலை நாளில் 50 பாடவேளை போய்விடும்.

கரும்பலகை:
மிக்க நன்றி. மூத்த ஆசிரியர்கள் "எங்களுக்கே சொல்லித்தர வந்துட்டாங்க" என்று முகம் சுளித்தால்?

நெடுங்கணக்கு:
தலைமையாசிரியர் முதலில் தானே ஒரு பாடம் நடத்தட்டும், அவர்கள் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லட்டும். கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் குழு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2008 தொகுப்பாய்விலும், தலைமையின் செயல்களில் மாணவர் அடைவோடு மிக வலுவாகத் தொடர்புபட்டது ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கேற்பதுதான்.

இந்தக் குறிப்புகள் ஆண்டு மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை போய்விட்டால்கூட, அதன் பிறகு யாரும் தன் வகுப்பின் சிக்கலை வாய்திறந்து சொல்ல மாட்டார்.