தனியாகச் சமைக்கத் தொடங்குபவர் முதலில் எந்தக் குழம்பைக் கற்க வேண்டும்?

கேள்வி (வேளச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்து, நண்பர் ஒருவருடன் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். இதுவரை மெஸ் சாப்பாட்டை நம்பியிருந்த நாங்கள், இனி வீட்டிலேயே சமைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் தெரியும்; குழம்பை இனிமேல்தான் கற்க வேண்டும். காணொளிகளைப் பார்த்தால், ஒருவர் வதக்கிய வெங்காயத்தின் மேல் பொடியைத் தூவுகிறார், இன்னொருவர் அதே பொடியைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார். காரணத்தை இருவருமே சொல்வதில்லை. எங்களிடம் இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், மிக்சி, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் ஆகியவை இருக்கின்றன. எதில் தொடங்கினால் மற்றவையும் எளிதாகக் கைவரும்? இரவில் சப்பாத்திக்கு ஏற்ற வடநாட்டு வகை ஒன்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

மறுமொழி (மந்தைவெளி)

தம்பி, பருப்பில்லாத புளிக்குழம்பில் தொடங்குங்கள் என்பேன். தாளிப்பது, வதக்குவது, சுண்ட வைப்பது ஆகிய மூன்றும் அந்த ஒரே பாத்திரத்தில் நடப்பதால், அதைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு வற்றல் குழம்பும் காரக்குழம்பும் மீன் குழம்பும் அந்நியமாக இருக்காது.

இருவருக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தம்ளர் வருமாறு கரைத்துக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டு, அது வெடித்து முடிந்த பிறகே கால் தேக்கரண்டி வெந்தயத்தைச் சேருங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிக் கறுத்துவிட்டால் அந்தக் கசப்பை வெல்லத்தாலும் மறைக்க முடியாது. அடுத்துக் கறிவேப்பிலை, பெருங்காயம், உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பத்துப் பல் பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து, வெங்காயம் குழைந்து ஓரம் சிவக்கும்வரை பொறுமையாக வதக்க வேண்டும்.

பொடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆகவே இரண்டு தேக்கரண்டி குழம்புப் பொடியை எண்ணெயில் அரை நிமிடம் புரட்டினால் நிறமும் மணமும் கூடும். ஆனால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த அளவில் வைத்தாலும் விட்டுவிட்டு முழுச் சூட்டைக் கொடுப்பதால், பொடி கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் இருக்கும் சூட்டிலேயே புரட்டிவிட்டு, உடனே புளித்தண்ணீரை ஊற்றுங்கள். புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றுவது கருகும் அச்சமில்லாத வழி. அதில் பொடியின் பச்சை வாசனை போக இன்னும் சற்று நேரம் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். உப்பிட்டு, இருபது நிமிடம் போல, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே வரும்வரை விடுங்கள். தேங்காய் சேர்க்காத இந்தக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

பொடிக்கு எங்கள் வீட்டு அளவு: கால் கிலோ மிளகாய்க்கு அரை கிலோ தனியா, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகு ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, கொஞ்சம் விரலி மஞ்சள். வெயிலில் காயவைத்து மாவு மில்லில் அரைத்து, முழுதும் ஆறிய பின் டப்பாவில் அடைக்க வேண்டும். இருவருக்கு இதில் கால் பங்கு போதும். அதுவரை கடைப்பொடி வாங்குவதில் தவறேதும் இல்லை.

மறுமொழி (அம்பத்தூர்)

மேலே அம்மா சொன்ன செய்முறையில் ஒரு குறையும் இல்லை. தொடங்க வேண்டிய இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. புளியும் காரமும் கூடிய குழம்பைத் தினமும் உண்ண முடியாது. காயும் பருப்பும் சேர்ந்த கூட்டு முதலில் கைவர வேண்டும். அது சோற்றுக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும்.

அரை தம்ளர் பாசிப்பருப்பை மஞ்சளுடன் முக்கால் பதம் வேகவைத்து, நறுக்கிய சுரைக்காய், புடலங்காய், சௌசௌ இவற்றில் ஒன்றைச் சேர்த்துத் தொடர்ந்து வேகவிடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்துக் கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தேங்காய் எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. கருக எதுவும் இல்லை என்பதால், புதியவருக்கு உப்பும் பதமும் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதிலிருந்து சாம்பாருக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். புளிப்பு, பருப்பையும் காயையும் மென்மையாக விடாது. எனவே இரண்டும் வெந்த பிறகே புளி சேர வேண்டும். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் துவரம்பருப்பு விதை விதையாக நிற்கும். வேளச்சேரியில் உங்கள் குழாயில் ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிறதா என்றும் பாருங்கள். கடின நீரில் உள்ள கால்சியம் பருப்பின் செல் சுவர்களை இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. அரை மணி நேரம் ஊறவைத்து, கேன் தண்ணீரில் வேகவைத்தால் வித்தியாசம் தெரியும். அப்படியும் வேகாவிட்டால் பருப்பு பழையது, கடையை மாற்றுங்கள்.

மறுமொழி (பெரம்பூர்)

சப்பாத்திக்கான வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது என்ற ஒரே மசாலாவின் மேல்தான் சன்னா, ராஜ்மா, ஆலு மட்டர் போன்ற பல வடநாட்டு வகைகள் நிற்கின்றன. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பழுப்பு நிறம் வரும்வரை வதக்குவதே இதில் பெரிய வேலை. பத்து நிமிடத்துக்குக் குறைந்து அது முடியாது. கண்ணாடி போல் ஆனதுமே தக்காளியைக் கொட்டினால் குழம்பு இனிப்பும் புளிப்புமாகத் தனித்தனியே நிற்கும். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம். இந்த மசாலாவுக்குப் பின்னதே ஏற்றது. தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் மிளகாய்த் தூள், தனியாத் தூள், வேகவைத்த கொண்டைக்கடலை, அது வெந்த தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் கரம் மசாலா கொஞ்சமே கொஞ்சம் தூவுங்கள்.

ராஜ்மா செய்வதானால் ஒரு கண்டிப்பு. அரைவேக்காட்டு ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுப் புரதம் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நசுங்கும் பதம்வரை வேகவையுங்கள்.

கேள்வி கேட்டவர் (வேளச்சேரி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வார நாட்களில் கூட்டும், ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்புமாகத் தொடங்குகிறோம். மந்தைவெளி அம்மாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள்: குழம்பு நீர்த்துப்போனால் அரிசி மாவு கரைத்து ஊற்றலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டியில் இதை வைக்கலாமா?

மறுமொழி (மந்தைவெளி)

சாம்பாருக்கு ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம், ஊற்றிய பின் நன்றாக ஒரு கொதி வர வேண்டும். புளிக்குழம்புக்கு வேண்டாம், மாவு சேர்ந்தால் கெட்டியாகுமே தவிர சுண்டிய சுவை வராது, மேலும் பத்து நிமிடம் கொதிக்கவிடுவதே சரி. இரும்புச் சட்டியின் அடி தட்டையாக இருந்தால் உங்கள் அடுப்பில் நிற்கும், சூடும் ஏறும். ஆனால் புளிப்பு இரும்பை அரிப்பதால் குழம்பு கறுத்து, உலோகச் சுவை ஏறும். வெங்காயத்தையும் பூண்டையும் அதில் வதக்கிக்கொண்டு, புளித்தண்ணீர் ஊற்றும் முன் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள் தம்பி.